கைக்குத்தல் அரிசி

கைக்குத்தல் அரிசி என்பது நெல்லை உரலில் இட்டு உலக்கையால் குற்றி, உமியை நீக்கி, தவிட்டின் பெரும்பகுதியைத் தக்கவைத்துப் பெறப்படும் அரிசி ஆகும். ஈழத்தில் இது குத்தரிசி எனப்படுகிறது. அரிசி ஆலைகள் பரவுவதற்கு முன்னர் தமிழர் வீடுகளில் சமைக்கப்பட்டது பெரும்பாலும் இவ்வரிசியே. இன்று இப்பெயரில் விற்கப்படுவதில் மிகுதியும் கையால் குற்றப்பட்டதன்று. இரப்பர் உருளைகள் பொருத்திய எந்திரத்தில் உமி நீக்கப்பட்டு, தீட்டப்படாமல் விடப்பட்டதாகும். எனவே இச்சொல் தற்போது செய்முறையைக் காட்டிலும் தவிடு நீங்காத நிலையையே குறிக்கிறது எனலாம்.

குற்றும் முறை

நன்கு உலர்ந்த நெல், கல்லுரலிலோ மர உரலிலோ இடப்பட்டு, அடியில் இரும்புப் பூண் கட்டிய உலக்கையால் குற்றப்படும். இருவர் எதிரெதிரே நின்று மாறி மாறிக் குற்றுவதும் உண்டு. பின்னர் முறத்தில் புடைத்து உமி, தவிடு, நொய் ஆகியவை பிரிக்கப்படும். இவ்வேலையின்போது பெண்கள் பாடிய பாடல் வள்ளைப்பாட்டு என இலக்கியங்களில் இடம்பெற்றுள்ளது. அரிசி வெண்மையாக வேண்டுமெனில் இரண்டாம் முறையும் குற்றித் தீட்டுவர். ஆகவே பழங்காலத்தில் உண்ணப்பட்ட அரிசி முழுவதும் தவிடு நிறைந்தது என்று கொள்வது பொருந்தாது. எந்திரத்தில் உமி மட்டும் நீக்கிய அரிசியில், உரலில் குற்றிய அரிசியைவிடத் தவிடு கூடுதலாக இருப்பதும் உண்டு.

ஊட்டச்சத்து

நெல்லின் எடையில் சுமார் 20 விழுக்காடு உமி. 8 முதல் 10 விழுக்காடு தவிடும் முளைப்பகுதியும் ஆகும். இச்சிறு பகுதியிலேயே நார்ச்சத்து, கொழுப்பு, உயிர்ச்சத்து பி வகைகள், கனிமங்கள் ஆகியவற்றின் பெரும்பங்கு அடங்கியுள்ளது. 100 கிராம் தீட்டாத அரிசியில் தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் உள்ளது. நன்கு தீட்டிய பச்சரிசியில் இது 0.07 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆற்றல் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. உடல் எடையைக் குறைக்கும் எனக் கூறித் தீட்டாத அரிசியை அளவின்றி உண்பது பயன் தராது.

தயமின் குறைபாட்டால் வரும் பெரிபெரி நோய்க்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பு சாவகத்தில் வெளிப்பட்டது. பத்தாவியாவில் (இன்றைய சகார்த்தா) பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறித்தியான் எய்க்மான், தீட்டிய அரிசி உண்ட கோழிகள் நரம்பு நோயால் தள்ளாடியதையும், தீட்டாத அரிசி கொடுத்தபின் அவை தேறியதையும் 1890களில் கண்டார். மாவுப்பொருளில் நஞ்சு இருப்பதாகவே அவர் முதலில் கருதினார். தவிட்டில் உள்ள ஏதோவொரு சத்தின் குறைவே காரணம் என்பதை அவருக்குப்பின் வந்த கெரிட் கிரைன்சு 1901 இல் விளக்கினார். எய்க்மானுக்கு 1929 ஆம் ஆண்டு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் ஆலை அரிசி பரவிய பின்னும் பெரிபெரி பெருமளவில் தோன்றாமைக்குப் புழுங்கலரிசிப் பழக்கம் ஒரு முக்கிய காரணமாகும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் சென்று தங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் நீங்குவதில்லை. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரத்தின் வட கரையோர மாவட்டங்களில் இந்நோய் காணப்பட்டது. கைக்குத்தல் அரிசி கிடைக்காதோர்க்குப் புழுங்கலரிசி நல்ல மாற்றாகும் என்பது இதனால் விளங்கும்.

வரலாறு

காந்தி 1934 இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம், கைக்குத்தல் அரிசியைச் சிற்றூர் வேலைவாய்ப்புக்கும் உடல்நலத்துக்கும் உரியதாக முன்னிறுத்தியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் செயலாளராக இருந்தார். அரிசி ஆலைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கி 1958 இல் இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றியபோதும் கைக்குத்தல் தொழில் நிலைக்கவில்லை. மணிக்கணக்கில் உலக்கை பிடித்த பெண்களுக்கு ஆலை ஒரு விடுதலையாகவே இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

தேர்ந்தெடுத்தல்

கடைகளில் "கைக்குத்தல்", "பாரம்பரியம்", "இயற்கை" ஆகிய மூன்று சொற்களும் ஒன்றுபோல் வழங்கப்படுகின்றன. இவை வெவ்வேறானவை. முதலாவது தீட்டலின் அளவையும், இரண்டாவது நெல்லின் இரகத்தையும், மூன்றாவது பயிரிட்ட முறையையும் குறிக்கும். மாப்பிள்ளைச் சம்பாவையும் வெண்மையாகத் தீட்டலாம். வேதியுரம் இட்டும் வளர்க்கலாம். புதிய இரக நெல்லையும் தீட்டாமல் உண்ணலாம். சிவப்பு நிறமும் தனியே சான்றாகாது. மாறாக, பொன்னி போன்ற வெள்ளை இரகங்களில் தீட்டாத அரிசி வெளிர்பழுப்பாக இருக்கும். முளைப்பகுதி உதிராமல் இருக்கிறதா என்று அரிசியின் முனையைப் பார்ப்பது எளிய வழி.

பாரம்பரிய இரகங்களை மீட்பதில் நெல் ஜெயராமனின் (இறப்பு: 2018) பணி குறிப்பிடத்தக்கது, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழாவை அவர் நடத்தினார். எனினும் எந்த இரகமாயினும் வயலில் நீர் தொடர்ந்து தேங்கினால் மீத்தேன் வளிமம் வெளிப்படும். வயலைக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையில் இது குறைகிறது. தீட்டுவதைத் தவிர்ப்பதால் மின்சாரம் மிஞ்சுவதுடன், அதே நெல்லில் உண்ணக்கூடிய அரிசியும் கூடுகிறது. ஆனால் ஆலைத் தவிடும் வீணாவதில்லை. எண்ணெயாகவும் கால்நடைத் தீவனமாகவும் பயன்படுகிறது.

சமையலும் சேமிப்பும்

தவிட்டுறை நீரை மெல்லவே உள்ளிழுப்பதால் இவ்வரிசி வேகக் கூடுதல் நேரமும் எரிபொருளும் பிடிக்கும். இரண்டு மணிநேரமாவது ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு நீர் விட்டுச் சமைப்பது வழக்கம். கஞ்சியை வடித்துக் கொட்டினால் நீரில் கரையும் உயிர்ச்சத்துகளும் உடன் போகும். ஆயினும் நிலத்தடி நீரில் ஆர்செனிக் மிகுந்த வங்காளம் போன்ற பகுதிகளில், நல்ல நீரை மிகுதியாக விட்டு வடிப்பதே ஏற்றது. ஏனெனில் ஆர்செனிக் தவிட்டிலேயே கூடுதலாகத் தங்குகிறது. தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வதைத் தடுக்கும். ஊறவைத்தலும் புளிக்கவைத்தலும் அதனை ஓரளவு குறைக்கின்றன. முதன்முறை உண்போர் பாதிக்குப் பாதி புழுங்கலரிசி கலந்து தொடங்குவது செரிமானத்துக்கு எளிதாகும்.

தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இவ்வரிசி விரைவில் சிக்குவாடை பெறும். வண்டும் எளிதில் பற்றும். ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி, ஈரமில்லாத, காற்றுப்புகாத கலத்தில் வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும்.