உயிரணுக்கள் கைகோத்த கதை



மரத்தில் வெட்டிய பாலில் ஆசிட்டைக் கலந்து வைத்தால் சற்று நேரத்தில் உறைந்து விடுகிறது. தனித்தனியே மிதந்த ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி விடுகின்றன. நம் உடம்பும் கோடானுகோடி உயிரணுக்களின் கூட்டம்தான். அவை சிதறிப் போகாமல் ஒட்டி வைத்திருப்பது எது? சிறு பிள்ளை கேட்கக்கூடிய கேள்வி. ஆனால் விஞ்ஞானிகளுக்கு இதன் விடை தெரிய ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன.

1907-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்சன் என்ற பேராசிரியர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத் துணியில் வைத்துக் கடல்நீருக்குள் பிழிந்தார். உயிரணுக்கள் தனித்தனியாகப் பிரிந்து நீரில் கலந்தன. இத்தோடு அது செத்தது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அந்த உயிரணுக்கள் மெல்ல ஊர்ந்து, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, மீண்டும் கடற்பஞ்சாகவே வளர்ந்தன!

1955-இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரெட்டர் என்ற இருவர் தவளை போன்ற பிராணிகளின் கருவைப் பிரித்து, தோலாக வேண்டிய உயிரணுக்களையும் உள்ளே இருக்க வேண்டியவற்றையும் ஒன்றாகக் கலந்து விட்டனர். அவை தாமாகவே பிரிந்து, தோலுக்குரியவை வெளிப்புறம் போய் நின்றன. ஆகவே, ஆசிட் ஊற்றிய பாலைப் போல இவை கண்டபடி ஒட்டுவதில்லை. இனம் பார்த்தே ஒட்டுகின்றன என்பது தெளிவாயிற்று.

எதைக் கொண்டு ஒட்டுகின்றன? இதைக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் ஜப்பானியரான மசதோஷி டாக்கெய்ச்சி. 1970-களில் அவர் கியோத்தோ நகரிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்கு ஆராய்ச்சி செய்யப் போனார். உயிரணுக்களைப் பிரிப்பதற்கு டிரிப்சின் என்ற பொருளைப் பயன்படுத்துவது வழக்கம். நம் குடலில் உணவிலுள்ள புரதத்தைச் செரிக்க வைப்பதும் அதுவே. கியோத்தோவில் டிரிப்சினால் பிரித்த உயிரணுக்கள் கலக்கி விட்டதும் மறுபடி ஒட்டிக்கொண்டன. பால்டிமோரில் அதே சோதனையைச் செய்தார், ஒட்டவில்லை. நாமாக இருந்தால் கைத்தவறு என்று எண்ணி மறந்திருப்போம். அவர் விடவில்லை. அங்கிருந்த டிரிப்சின் நீரில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரித்தார். சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு மருந்து அதில் கலந்திருந்தது.

மர்மம் விடுபட்டது. உயிரணுவின் மேல் ஒட்டும் புரதம் ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து கூடவே இருந்தால் டிரிப்சினால் அதை அழிக்க முடிவதில்லை. அது விலகினால் புரதம் துண்டு துண்டாகி விடும். இதை 1977-இல் வெளியிட்டார். 1984-இல் அப்புரதத்திற்குக் ‘கேட்ஹெரின்’ என்று பெயரிட்டனர். 1987-இல், ஒட்டும் குணமே இல்லாத உயிரணுக்களுக்குள் அதன் மரபணுவைச் செலுத்தினர். அவையும் ஒட்டத் தொடங்கின. அதற்குமேல் யாரும் சந்தேகப்பட இடமில்லை.

இதன் உருவம் எப்படி இருக்கும்? 1995 முதல் எக்ஸ்-கதிர் முதலிய முறைகளால் சிறிது சிறிதாகத் தெரிய வந்தது. உயிரணுவுக்கு வெளியே நீட்டிய ஒரு கையாக இதை எண்ணிக்கொள்ளலாம். அந்தக் கையில் வரிசையாக ஐந்து துண்டுகள். இடையே நான்கு மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் மூன்று சுண்ணாம்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை இருந்தால் கை விறைப்பாக நிற்கும். இல்லையேல் துவண்டு விடும். நுனித் துண்டில் ஒரு விரலும் ஒரு சிறு பையும் உண்டு. எதிரே உள்ள உயிரணுவின் கை தன் விரலை இதன் பையில் நுழைக்கிறது. இது தன் விரலை அதன் பையில் நுழைக்கிறது. ஒரு பிடி மிகவும் பலவீனமானது. ஏராளமான பிடிகள் சேரும்போதுதான் வலு வருகிறது. கையின் அடிப்பகுதி உயிரணுவுக்குள் இருக்கும் நார்களோடு கட்டப்பட்டிருக்கிறது. (இதைக் கேட்டுவிட்டு வெற்றிலையில் சுண்ணாம்பைக் கூட்டித் தடவிக்கொள்ள வேண்டாம். இரத்தத்தில் உள்ள சத்தே இதற்குப் போதும்!)

தோல், குடல், இரைப்பை ஆகியவற்றில் இருப்பது ‘ஈ-கேட்ஹெரின்’ என்ற வகை. அது கெட்டால் என்ன ஆகும் என்பதை நியூசிலாந்தில் ஒரு மவோரிக் குடும்பம் தன் உயிர்களைக் கொடுத்துக் காட்டியது. அந்தக் குடும்பத்தில் சுமார் முப்பது ஆண்டுகளில் 25 பேர் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தனர். பலர் நாற்பது வயதைக்கூடத் தாண்டவில்லை. சாபம் என்று எண்ணியவர்களும் உண்டு. 1964-லேயே அந்நாட்டு மருத்துவ இதழில் இக்குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்டது. ஆனால் காரணம் தெரியவில்லை. 1990-களில் குடும்பத்தினரே ஒட்டாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகளை நாடிப் போனார்கள். யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த வயதில் இறந்தார் என்ற விவரங்களையும் தங்கள் இரத்தத்தையும் கொடுத்தார்கள். மருத்துவமனை என்றாலே ஒதுங்கும் நம்மவர்கள் இந்த இடத்தைச் சற்று கவனிக்க வேண்டும். பார்ரி கில்ஃபோர்டு என்ற விஞ்ஞானியின் குழுவினர் 1998-இல் விடை கண்டனர். ஈ-கேட்ஹெரின் மரபணுவில் ஒரு பிழை, தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருந்தது.

பிடி தளர்ந்த உயிரணுக்கள் கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவருக்குள் உதிரி உதிரியாகப் பரவுகின்றன. அதனால் குழாய் விட்டுப் பார்த்தாலும் தொடக்கத்தில் பெரும்பாலும் கண்ணுக்குப் படுவதில்லை. பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தால் பிள்ளைக்கு வருவதும் வராததும் சரிபாதி வாய்ப்பு. இன்று இரத்தச் சோதனையில் அது தெரிந்து விடுகிறது. பிழை உள்ளவர்களில் பலர் நோய் தொடங்கும் முன்பே இரைப்பையை முழுவதும் அகற்றிக்கொள்கிறார்கள்; உணவுக் குழாயைச் சிறுகுடலோடு இணைத்து விடுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டு அவர்கள் வாழ்கிறார்கள். பிழை இல்லாதவர்களுக்கு அறுவையும் இல்லை. அவர்கள் வழியாகப் பிள்ளைகளுக்கு அது போவதும் இல்லை.