கவசத் தகட்டளவு

வேக்குவம் ஃபார்மிங் முறையில் வேடக் கவசம் செய்வதற்கான பிளாஸ்டிக் தகட்டின் நீள அகலமும் தடிமனும். சூட்டில் இளகிய தகட்டை அச்சின்மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் அது அச்சோடு ஒட்டி வடிவெடுக்கும். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வெள்ளைக் கவச வீரர்களுக்கு உடுப்பு இப்படித்தான் தயாரானது.

கடைகளில் பரவலாகக் கிடைப்பது 4 அடிக்கு 8 அடித் தகடு. அறுப்பில் போகும் தூளை விட்டுவிட்டால், 2 அடிச் சதுரமாக 8 துண்டுகள் தேறும். சூடேற்றும்போது தகட்டைப் பிடித்திருக்கும் சட்டத்தை இதற்கேற்ப அமைப்பதே சிக்கனம். பலர் சட்டத்தைச் செய்துவிட்டுத்தான் தகடு தேடுகிறார்கள்.

தடிமன்தான் சிக்கலான இடம். இழுபடும் தகடு மெலியும். வட்டச் சட்டத்தை முழுதும் நிரப்பும் அரைக்கோளத்தின் பரப்பு வட்டத்தைப்போல் இரு மடங்கு. எனவே 2 மி.மீ. தகடு சராசரியாக 1 மி.மீ. ஆகிவிடும். அதிலும் அச்சை முதலில் தொடும் உச்சி தடிப்பாக நிற்க, பக்கங்களே மிகவும் மெலியும். ஆழமில்லாத மார்புக் கவசத்துக்கு 2 மி.மீ. போதும், தலைக்கவசத்துக்கு 3 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகடே ஏற்றது.