ஏடும் ஒலியும் ஒரே பட்டியலில்

ஒரு சமூகம் தன் நூல்களைக் காப்பதற்கு முன்னர், என்னென்ன நூல்கள் தன்னிடம் உள்ளன என்பதை எழுதிவைத்தாக வேண்டும். ஹிஜ்ரி 377-இல், அதாவது கி.பி. 987 அளவில், பக்தாத் நூல் வணிகர் இப்னு நதீம் அரபு நூல்களைப் பத்துப் பிரிவுகளாக வகுத்து 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பட்டியலைத் தொகுத்தார். அவர் குறித்த நூல்களிற் பல இன்று எங்கும் இல்லை. அவற்றை யார் எழுதினார், எதைப் பற்றி எழுதினார் என்பதற்கு அந்தப் பட்டியலே எஞ்சிய சான்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது வீடுகளுக்குள் கடல் புகுந்தபோது உயிர்களோடும் உடைமைகளோடும் ஏடுகளும் ஒலிநாடாக்களும் போயின. போனவை எவை என்று இன்று நம்மால் சொல்ல முடியாது, ஏனெனில் நம்மிடம் பட்டியல் இருக்கவில்லை. ஆகவே அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் அச்சு நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், ஒலி, ஒளிப்பதிவுகள் யாவற்றையும் ஒருங்கே காட்டும் கூட்டுப் பட்டியலே நமது முதற் கடமை என்பேன்.

அந்தப் பணி ஏற்கெனவே நடந்துவிட்டதே என்று சிலர் கருதலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ம.மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் நூல்களுக்கு விவரக் கோவை தந்தார். என். செல்வராஜா 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக 'நூல் தேட்டம்' வெளியிட்டு வருகிறார். நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து வெளியீடுகளை மின்வடிவில் சேர்க்கிறது. இவை இல்லாமல் நாம் ஓரடியும் நகர முடியாது. ஆயினும் நூற்பட்டியல்களின் அடிப்படை அச்சு நூலே. இக்கரையின் இலக்கியமோ அச்சுக்குள் அடங்கியதன்று. வயல்வெளியிலும் தொட்டிலருகிலும் பாடப்பட்ட கவி, கம்புகளைத் தட்டி ஆடும் பொல்லடியின் பாட்டு, றபான் என்னும் தோற்கருவியின் ஒலி, வானொலி முஸ்லிம் நிகழ்ச்சியிலிருந்து வீட்டில் பதிந்துவைத்த உரை ஆகியவையும் அதில் அடங்கும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிராமியக் கவிகளைத் தேடி நூலாக்கியதால் அவற்றின் சொற்கள் பிழைத்தன. மெட்டையும் குரலையும் அச்சு தாங்காது. எனவே பாட்டின் நூற்பதிவும் அதன் ஒலிப்பதிவும் பட்டியலில் ஒன்றையொன்று சுட்டி நிற்க வேண்டும்.

கணினியில் தேடினால் எல்லாம் கிடைக்கும் காலத்தில் பட்டியல் எதற்கு என்பது அடுத்த தடை. பெரும்பாலும் எழுதப்பட்ட சொல்லைத்தான் கணினி தேடும். விவரம் எழுதப்படாத ஒலிநாடா அதற்கு ஊமை. நம் பெயர்களும் பல வடிவங்களில் வழங்குகின்றன. மருதமுனைப் புலவர்மணி ஷரிபுத்தீனைச் 'சரிபுத்தீன்', 'ஷரீபுத்தீன்' என்றும் எழுதுவர். ஒரு வடிவத்தை நிலைநிறுத்தி மற்றவற்றிலிருந்து அதற்கு ஆற்றுப்படுத்துவது பட்டியலாளரின் அறிவுப் பணி. அரபு எழுத்தில் தமிழைப் பொறித்த அரபுத்தமிழ் ஏடு, அரபு அலமாரியில் கிடந்தால் தமிழ் ஆய்வாளருக்கு எட்டாது; மொழி வேறு, எழுத்து வேறு எனத் தனித்தனியே குறித்தால் இருசாராருக்கும் எட்டும். எம்.ஏ. நுஃமான் தமிழாக்கிய 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981-இல் கல்முனை வாசகர் சங்கத்தின் வெளியீடாக வந்தது. மொழிபெயர்ப்பாளர், பொருள், பதிப்பிடம் ஆகிய மூன்று வழியாலும் அது கிடைத்தால்தான், ஒரு கரையோர ஊர் உலக இலக்கியத்தோடு உறவாடிய வரலாறு துலங்கும். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்று சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நெறியும் இதையே வேண்டுகிறது.

இன்னுமொரு தடையை மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். வீட்டுப் பெண்களின் குரலைப் பொதுவில் வைக்கக் குடும்பங்கள் தயங்கும். அந்தத் தயக்கம் நியாயமானது. பட்டியலிடுவதும் ஒலிபரப்புவதும் ஒன்றல்ல. பாடியவர் பெயரை மறைத்து, ஊர், காலம், பாட்டு வகை மட்டும் குறித்து, கேட்க உரிமையாளரின் இசைவு தேவை என்று எழுதிவைக்கலாம். பணமில்லை என்பதும் முழுத் தடையாகாது. கட்டடத்துக்கும் கருவிக்கும் பெருநிதி வேண்டும். ஒரே படிவத்தில் பதிவதற்குப் பயிற்சியும் பொறுமையுமே பெரிதும் வேண்டும். ஊர் நூலகங்களும் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் பதிவுகளைத் திரட்ட, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவற்றைச் சீர்செய்து பேணலாம். தொகுத்த பட்டியலின் படிகள் கடலோரத்தில் மட்டுமன்றி உள்நாட்டிலும் இருக்க வேண்டும். எதை முதலில் மின்வடிவாக்குவது, எந்த நாடா கெடும் நிலையிலுள்ளது என்பதையெல்லாம் அந்தப் பட்டியல்தான் சொல்லும். அது இல்லாமல் செலவிடும் நிதி, கைக்கு எட்டியதை மட்டுமே காப்பாற்றும்.