டூ லீயின் இரண்டாவது தங்கம்

சீனத்து டூ லீயை உலகம் அறிந்தது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில். பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி. கடைசிக் குண்டுவரை ரஷ்யாவின் கல்கினாவே முன்னால் இருந்தார். அவர் 9.7 எடுக்க, டூ லீ 10.6 எடுத்தார். அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கமே அதுதான்.

2008-இல் ஒலிம்பிக் பெய்ஜிங்கில். இம்முறையும் முதல் தங்கம் அவருடையதே என்று நாடே காத்திருந்தது. ஐந்தாவதாக வந்தார், அழுதுகொண்டே போனார். பாவம், சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆசையும் ஒரு பாரம்தானே! ஆனால் ஐந்தே நாளில் திரும்பி வந்து, 50 மீட்டரில் படுத்தும் நின்றும் மண்டியிட்டும் சுட்டு, 690.3 புள்ளிகளுடன் ஒலிம்பிக் சாதனையாகத் தங்கம் வென்றார். ஏதென்ஸ் தங்கத்தைவிட இதைத்தான் நான் உயர்வாக வைப்பேன்.

2016 ரியோவில், 34 வயதில், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். ஏர் ரைஃபிளில் அவரை முந்திய அமெரிக்கப் பெண்ணுக்கு வயது 19.