தூங்குவது போல் தெரிந்த பேக்கப்

எங்கள் வங்கித் தொழிலில் 'டே எண்ட்' என்று ஒரு வார்த்தை உண்டு. கவுன்ட்டரை மூடி, கணக்கை நேர் செய்து, அன்றைய நாளை முடித்து வைப்பது. 1984ல் வந்த ரங்கராஜன் குழு அறிக்கைக்குப் பிறகு கிளைகளுக்குள் கணினி நுழைந்தது. அப்போதும் இந்த வழக்கம் மாறவில்லை. ஷட்டரை இறக்கிய பிறகு ஃப்ளாப்பியிலோ டேப்பிலோ ஒரு பிரதி எடுத்து வைத்தால் போதும். பிரதி எடுக்கும் நேரத்தில் பேரேட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

ஏடிஎம் வந்தது, கோர் பேங்கிங் வந்தது. 2019 டிசம்பரில் நெஃப்ட், 2020 டிசம்பரில் ஆர்டிஜிஎஸ் என இரண்டுமே 24 மணி நேரமும் ஓட ஆரம்பித்தன. ராத்திரி 2 மணிக்கு புனேயில் இருக்கும் பையன் திருச்சியில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறான். இதில் ஷட்டரை எப்போது இறக்குவது?

அதனால் எழுதிக்கொண்டிருக்கும் போதே பிரதி எடுக்க வேண்டும். இதுதான் ஆன்லைன் பேக்கப். பிகாம் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு என்று படித்தோமே, தரவுத்தளமும் அப்படித்தான். எந்த மாற்றமும் முதலில் 'லாக்' என்ற குறிப்பேட்டில் ஏறும், பிறகு சாவகாசமாகப் பேரேட்டுக்குப் போகும். பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் பிரதி எடுக்கும் போது நடுவில் சில பக்கங்கள் மாறிப் போகலாம். பரவாயில்லை, அந்த நேரத்துக் குறிப்பேட்டையும் சேர்த்து வைத்திருந்தால் பிறகு சரி செய்துகொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் இந்த வசதி 2005 ஜனவரியில், 8.0 பதிப்பில் வந்தது.

இந்தப் பேக்கப் இரண்டு இடங்களில் தூங்குவது போலத் தெரியும். ஒன்று ஆரம்பத்தில். குறிப்பேட்டில் பாக்கி இருப்பதையெல்லாம் பேரேட்டில் ஏற்றி முடிக்கும் வரை (இதற்கு 'செக்பாயிண்ட்' என்று பெயர்) அது காத்திருக்கும். மற்றது கடைசியில். குறிப்பேட்டுப் பக்கங்கள் முழுவதும் பத்திரமாக வேறிடம் போய்ச் சேரும் வரை காத்திருக்கும். இரண்டு இடத்திலும் திரையில் பெரிதாக ஒன்றும் நகராது.

இந்த மௌனம் எவ்வளவு ஆபத்தானது என்று 2017 ஜனவரி 31 இரவு உலகத்துக்கே தெரிந்தது. நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனம். சுமை அதிகமாகி, இரண்டாவது சர்வர் முதல் சர்வரை விட்டுப் பின்தங்கிவிட்டது. அதைச் சரி செய்ய முதல் சர்வரிலிருந்து புதுப் பிரதி எடுக்கத் தொடங்கினார் ஒரு பொறியாளர். பிரதி எடுக்கும் கருவி பேசாமல் நின்றது. உண்மையில் அது காத்திருந்தது, அவ்வளவுதான். பழைய கோப்புகள் குறுக்கே நிற்கின்றன போலும் என்று நினைத்து, இரண்டாவது சர்வரின் தரவு அடைவை அழிக்கப் போனார். ஆனால் அவர் கட்டளை கொடுத்தது முதல் சர்வரில்! ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது.

சரி, பேக்கப் இருக்குமே? தினசரிப் பேக்கப் பதிப்புப் பொருத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறு ஒரு சோதனைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். அந்நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். விரிவான அறிக்கையும் வெளியிட்டார்கள், அதில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பலியாடு தேடியிருந்தால் தோற்றுக்கொண்டிருந்த பேக்கப்பைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

போஸ்ட்கிரெஸும் மாறிக்கொண்டே வந்தது. 2016ல் வந்த 9.6 பதிப்பில் புது முறை ஒன்று சேர்ந்தது. அதில் இணைப்பு அறுந்தால் பேக்கப் தானாகவே ரத்தாகிவிடும். பழைய முறையில் நடுவில் சர்வர் விழுந்தால், மிச்சமிருக்கும் ஒரு அடையாளக் கோப்பு மறுபடி எழுந்திருக்க விடாமல் தடுக்கக்கூடும். அந்த முறையை 2022ல் 15வது பதிப்பில் நீக்கியே விட்டார்கள். பேக்கப் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கும் வசதி 2020ல் 13வது பதிப்பில் வந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. மெதுவாக இருக்கும் பேக்கப்பை நிறுத்துவதால் குடி முழுகாது. முறையான கட்டளையால் ரத்து செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகளுக்கு ஒன்றும் ஆகாது. கடைசிக் கட்டக் காத்திருப்பையும் அப்படியே நிறுத்தலாம். ஆனால் குறிப்பேட்டுப் பக்கங்கள் முழுதாகச் சேராத அந்தப் பிரதியை நம்பக் கூடாது. ஆபத்து நிறுத்துவதில் இல்லை. ஏன் நிற்கிறது என்று பார்க்காமல் அவசரத்தில் எதையாவது அழிப்பதில்தான் இருக்கிறது.

நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். ஊரில் பெரியவர்கள் ஒரு பக்கம், குழந்தைகளோடு நாம் ஒரு பக்கம் என்று இருக்கிறோம். கல்யாண வீடியோ, தாத்தாவின் குரல், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. பிரதி எடுத்ததோடு விடாதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.