சைக்கிளில் வேளாங்கண்ணி போறீங்களா? கிளம்பும் முன் இதைப் பாருங்க!

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. சென்னையிலிருந்து கிழக்கு கடற்கரை சாலை வழியாக வேளாங்கண்ணி சுமார் 320 கி.மீ. நண்பர்களோடு சைக்கிளில் போறவங்க கவனிக்க வேண்டியவை:

பயிற்சி: ஒரு மாதம் முன்பே தொடங்கி, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. நான்கு நாள் பயணம் என்றாலே தினமும் 80 கி.மீ. மிதிக்கணும்.

சைக்கிள்: பிரேக், செயின், டயரை கடையில் காட்டுங்க. பஞ்சர் கிட், ஸ்பேர் டியூப், பம்ப் கட்டாயம்.

வேகம்: குழுவில் மெதுவா மிதிப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும். அவரைத் தனியா விட்டுட்டு முன்னால் போகாதீங்க.

சாலை: பின்னால் வரும் வாகனம்தான் பெரிய ஆபத்து. ஹெல்மெட் போட்டு ஒற்றை வரிசையில் போங்க. பின்பக்கம் சிவப்பு விளக்கு இருக்கட்டும். இருட்டியதும் நிறுத்திடுங்க.

உடல்: தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர், ஓ.ஆர்.எஸ். குடிங்க. உச்சி வெயிலில் ஓய்வெடுங்க. தலைசுற்றல், மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்க. ரொம்ப முடியலைன்னா மீதி தூரத்துக்கு பஸ் ஏறுங்க. பத்திரமா போய்ச் சேருவதுதான் முக்கியம்.