சுண்ணாம்புக் காளவாசலும் சூரியனும்: எலக்ட்ரானைத் தொலைத்த கால்சியத்தின் கதை

இன்னைக்கு நம்ம எபிசோட் திருவண்ணாமலையில் தொடங்குது. கிழக்கு ராஜகோபுரத்துக்கு முன்னாடி நின்னு அண்ணாந்து பாருங்க. 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கோபுரம். அடித்தளம் கருங்கல். மேலே போகப் போக செங்கல்லும் சுதையும். சுதைன்னா வேற ஒண்ணும் இல்லை, சுண்ணாம்பு. பாட்டி வெற்றிலையில் தடவுற அதே சமாச்சாரம்தான்.

சுண்ணாம்புக்குள் இருப்பது கால்சியம். சூரியனிலும் கால்சியம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நிலையில் இல்லை. அந்த வித்தியாசத்தை 1920-இல் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எழுதும்போது அவருக்கு வயது 26. பெயர் மேக்நாத் சாகா. இன்றைய கதை அவருடையது. நம்ம ஊர் மலைகள் இரண்டுக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் கொஞ்சம் பள்ளிக்கூட வேதியியல். கால்சியம் அணுவில் 20 எலக்ட்ரான்கள். அதில் இரண்டு மட்டும் வெளிவட்டத்தில். ஆக்சிஜனுக்கு வெளிவட்டம் நிரம்ப இரண்டு குறைகிறது. கால்சியம் கொடுக்கிறது, ஆக்சிஜன் வாங்குகிறது. கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி. எதிரெதிர் மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. இதுதான் அயனிப் பிணைப்பு.

'கால்சியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது'ன்னு நான் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். உண்மையில் அது சும்மா கொடுக்காது. முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 6.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேணும். இரண்டாவதுக்கு 11.9. இந்தச் செலவை ஈடுகட்டுவது, அயனிகள் ஒன்றையொன்று இழுத்து நெருங்கும்போது வெளியாகும் ஆற்றல். வரவு செலவைவிட அதிகம் என்பதால்தான் பிணைப்பு உண்டாகிறது.

அந்தப் பிணைப்பு எவ்வளவு கெட்டின்னு காளவாசலில் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல்லை சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமிலவாயு பிரிந்து போகும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. கால்சியம்–ஆக்சிஜன் பிணைப்பு அசையவே அசையாது. இன்னொன்றையும் கவனிக்கணும். அந்த வாயு வெளியே போக வழி இருக்கணும். உள்ளேயே தங்கினால் சுண்ணாம்போடு திரும்பச் சேர்ந்து, வேலை பாதியில் நின்றுவிடும். ஆக, கல் எவ்வளவு பிரியும் என்பதைச் சூடு மட்டும் முடிவு செய்வதில்லை. அழுத்தமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

இப்போ சூரியனுக்குப் போவோம். சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் வானவில்லில் கறுப்புக் கோடுகள் தெரியும். ஊதாப் பக்கத்தில் தடிமனான இரண்டு கோடுகள், பெயர் எச், கே. இரண்டும் கால்சியத்துடையவை என்று தெரியும். ஆனால் சாதாரணச் சுடரில் கால்சியத்தைச் சூடாக்கினால் இந்தக் கோடுகள் பலமாக வருவதில்லை, மின்பொறியில் வருகின்றன. இங்கிலாந்தின் நார்மன் லாக்யர், கடும் வெப்பத்தில் கால்சியமே உடைந்து வேறு ஏதோ நுண்தனிமமாக மாறுகிறது என்றார். பாதி சரி. உடைவது நிஜம். ஆனால் போவது ஒரே ஒரு எலக்ட்ரான்.

இந்தச் சமயத்தில்தான் கொடைக்கானல் வருகிறது. சென்னையிலிருந்த வானாய்வுப் பணி 1899-இல் அந்த மலைக்கு மாறியது. 1904 முதல் அங்கே கே கோட்டின் ஒளியில் மட்டும் சூரியனைப் படம் எடுத்தார்கள், கண்ணாடித் தகடுகளில். வெயில் இருக்கும் நாளெல்லாம் இதே வேலை. அதாவது எலக்ட்ரானைத் தொலைத்த கால்சியத்தின் முகத்தைப் பல வருஷமாகப் படம் பிடித்திருக்கிறார்கள். சூரியனின் அந்த உயரத்தில் கால்சியம் ஏன் அப்படி இருக்கிறது என்ற கணக்கு அப்போது யாரிடமும் இல்லை.

இன்னொரு புதிர். கிரகணத்தின்போது எடுத்த பதிவுகளில் எச், கே கோடுகள் சூரிய விளிம்புக்கு மேலே 14,000 கிலோமீட்டர் வரை தெரிந்தன. முழு கால்சியம் அணுவின் கோடு அதில் பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை. மேலே போகப் போக அயனி மட்டும் ஏன் மிஞ்சுகிறது?

சாகா டாக்கா பக்கம் ஷியோராத்தலி கிராமத்தில் ஒரு சின்ன மளிகைக் கடைக்காரரின் மகன். 1905 வங்கப் பிரிவினைக்கு எதிரான மாணவர் போராட்டத்தில் சேர்ந்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போனது. கல்கத்தா விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். அதே கல்கத்தாவில் விரிவுரையாளராக இருந்துகொண்டு, நல்ல ஆய்வுக்கூடமோ பெரிய தொலைநோக்கியோ இல்லாமல் இந்தப் புதிரை எடுத்தார்.

அவர் செய்தது எளிமையான ஒரு காரியம். கால்சியம் எலக்ட்ரானை இழப்பதை ஒரு வேதிவினையாக நினைத்தார். இடப்பக்கம் கால்சியம். வலப்பக்கம் கால்சியம் அயனியும் ஒரு எலக்ட்ரானும். நம்ம காளவாசல் மாதிரியேதான், கரியமிலவாயு இருந்த இடத்தில் எலக்ட்ரான். அப்புறம் வேதியியலாளர்கள் ஏற்கெனவே வைத்திருந்த சமநிலைக் கணக்கை அப்படியே சூரியனுக்குப் போட்டார். அங்கே எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் தேவையில்லை. 5,500 டிகிரி சூடே அந்த 6.1-ஐக் கொடுத்துவிடும்.

அழுத்தம் எங்கே வருது? ஆட்டோவை நினைச்சுக்கோங்க. கால்சியம்தான் ஆட்டோ, எலக்ட்ரான் சவாரி. தீபத்தன்று பேருந்து நிலையத்தில் ஒருத்தர் இறங்கினால் அடுத்த நொடி இன்னொருத்தர் ஏறிடுவார். ஆட்டோ காலியாவே இருக்காது. அதே ஆட்டோ நடுராத்திரி செங்கம் சாலையில் சவாரியை இறக்கிவிட்டால் காலியாகத்தான் திரும்பணும். எத்தனை பேர் இறங்குவார்கள் என்பது வெப்பம். எவ்வளவு சீக்கிரம் அடுத்தவர் ஏறுவார் என்பது அழுத்தம். சூரியனில் மேலே போகப் போகக் கூட்டம் குறைகிறது. அதனால் காலி ஆட்டோ, அதாவது அயனி, மிஞ்சுகிறது. புதிர் முடிந்தது.

கட்டுரை 1920 அக்டோபரில் ஃபிலாசஃபிகல் மேகசின் இதழில் வந்தது. சாகாவின் இந்தக் கணக்கிலிருந்து சோதித்துப் பார்க்கக்கூடிய கணிப்பும் வந்தது. ரூபிடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது ரொம்ப சுலபம். அதனால் சூரியனின் பொதுப் பரப்பில் அது முழு அணுவாகத் தெரியாது, குளிர்ந்த சூரியப் புள்ளிகளில் தேடினால் கிடைக்கலாம் என்றார் சாகா. அமெரிக்காவில் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் தேடினார். கிடைத்தது.

கோடு தடிமனாக இருந்தால் அந்தத் தனிமம் அங்கே அதிகம் என்ற எண்ணமும் ஆட்டம் கண்டது. 1925-இல் சிசிலியா பெய்ன் சாகாவின் சமன்பாட்டை வைத்து, நட்சத்திரங்களில் மிகப் பெரும்பான்மை ஹைட்ரஜன்தான் என்று கண்டார். பெரிய கருவிகள் இருந்த இடங்களில் அந்தச் சமன்பாடு வேகமாக ஓடியது. அதை எழுதியவரிடம் அந்தக் கருவிகள் இல்லை. எனக்கு இந்தக் கதையில் உறுத்துகிற இடம் அதுதான்.

கே கோடு மட்டும் தமிழ்நாட்டை விடவில்லை. சென்னையில் பிறந்த வேணு பாப்பு, ஒலின் வில்சனோடு சேர்ந்து 1957-இல் ஒன்று கண்டுபிடித்தார். சில வகை நட்சத்திரங்களில் கே கோட்டின் நடுவே மெல்லிய ஒளிர்வு இருக்கும். அதன் அகலத்தை அளந்தால் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரியும். பிரகாசம் தெரிந்தால் தூரமும் தெரியும். 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக வந்த அதே பாப்புதான், பிறகு காவலூரில் ஆய்வகம் அமைத்தார். காவலூர் இருப்பது ஜவ்வாது மலையில், நம்ம திருவண்ணாமலை மாவட்டம் வரைக்கும் நீளுகிற அதே மலை. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. இன்று அது அவர் பெயரில் இருக்கிறது.

கொடைக்கானல் கண்ணாடித் தகடுகளை இப்போ டிஜிட்டல் ஆக்கியிருக்காங்க. நூறு வருஷத்துக்கும் மேலான சூரியனின் நடத்தை அதில் இருக்கு. அன்றைக்குப் படம் எடுத்தவர்கள் முழு விளக்கம் வரும்வரை காத்திருக்கவில்லை. தினமும் எடுத்தார்கள், தேதி போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். அதனால்தான் விளக்கம் வந்தபோது பார்க்கப் படம் இருந்தது.

அடுத்த முறை கிரிவலம் முடிச்சிட்டு, விடிகாலையில் கோபுரத்து சுதை மேல வெயில் படும்போது ஒரு நிமிஷம் நில்லுங்க. சுதையில் இரண்டு எலக்ட்ரானை இழந்த கால்சியம். வெயில் வரும் இடத்தில் ஒன்றை இழந்த கால்சியம். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.